முதல் ரெஸ்யூம்: உங்கள் பலம் எங்கே இருக்கிறது, அதை எப்படி எழுதுவது

கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலை என்னுடையது. 12 வருடமாக ரெஸ்யூம் படிக்கிறேன். கல்லூரித் தேர்வு முடிந்த கையோடு, மே, ஜூன் மாதங்களில், ஒரு நாளைக்கு 60, 70 கூட வரும். முதல் பார்வையில் ஒவ்வொன்றுக்கும் என்னால் கொடுக்க முடிவது அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் திரும்பத் திரும்ப ஒரே ஆளைத்தான் பார்க்கிறேன். ஹார்ட் வொர்க்கிங், குயிக் லேர்னர், டீம் பிளேயர், செல்ஃப் கான்ஃபிடன்ஸ். பெயரும் ஊரும் மட்டும் மாறுகின்றன.

ஆனால் நேரில் கூப்பிட்டுப் பேசினால் ஒருவரைப் போல இன்னொருவர் இல்லை. விடியற்காலை பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, அப்புறம் பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வந்த பையன் இருக்கிறான். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் ஜவுளிக்கடையில் நின்று அந்தச் சம்பளத்தில் செமஸ்டர் ஃபீஸ் கட்டிய பெண் இருக்கிறாள். இதில் ஒரு வரிகூட அவர்கள் ரெஸ்யூமில் இருக்காது. கேட்டால், "அதெல்லாம் போடலாங்களா மேடம்?" என்பார்கள்.

போடலாம். போட வேண்டும். வீட்டிலேயே முதல் பட்டதாரியாக இருந்து, முதல் ரெஸ்யூமை எழுத உட்கார்ந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அண்ணனோ அக்காவோ சொல்லித்தர ஆள் இல்லாதவர்களுக்கு, இதை எங்கே தொடங்குவது என்பதே பெரிய கேள்வி.

17 ரூபாய் 70 காசு

முதலில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமம், பி.காம். முடித்தவர். கணக்குப் பிரிவில் உதவியாளர் வேலைக்கு வந்திருந்தார். ரெஸ்யூம் இரண்டு பக்கம். மேலே நான்கு வரியில் ஒரு 'அப்ஜெக்டிவ்', அதாவது வேலையில் தன் குறிக்கோள் என்ன என்று எல்லாரும் போடுகிற அதே வரிகள். கீழே மார்க் பட்டியல். பலம் என்ற தலைப்பின் கீழ் நேர்மை, கடின உழைப்பு, தன்னம்பிக்கை. பொழுதுபோக்கு, பாட்டுக் கேட்பது. அப்பா பெயர், மதம், திருமணம் ஆகவில்லை என்ற தகவல். கடைசியில் 'மேலே சொன்னதெல்லாம் உண்மை' என்று ஓர் உறுதிமொழியும் கையெழுத்தும்.

"கணக்கு எழுதிப் பழக்கம் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க மேடம். ஃப்ரெஷர்ங்க."

"டேலி?" கணக்கு எழுதும் மென்பொருளைத்தான் கேட்டேன்.

"காலேஜ்ல மூணு மாசம் சொல்லிக் குடுத்தாங்க."

முடித்து அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். பதற்றமாக இருக்கிறாளே என்று, வீட்டில் அம்மா என்ன செய்கிறார் என்று சும்மா கேட்டேன். "மகளிர் குழுவில இருக்காங்க. நோட்டெல்லாம் நான்தான் எழுதிக் குடுப்பேன்" என்றார்.

14 பேர் உள்ள சுய உதவிக் குழு. சேமிப்புப் பதிவேடு, கடன் பதிவேடு, தீர்மானப் புத்தகம் எல்லாமே பிளஸ் டூ முடித்ததிலிருந்து இவர் கையெழுத்து. மாதாமாதம் வங்கி பாஸ்புக்கை வைத்துக் கணக்கைச் சரிபார்ப்பாராம். ஒரு மாதம் 17 ரூபாய் 70 காசு உதைத்திருக்கிறது. யாரோ குறைத்துக் கட்டிவிட்டதாகக் கூட்டத்தில் பேச்சு எழ, இவர் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து, வங்கி எஸ்எம்எஸ் கட்டணமாக 15 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடித்திருப்பதைக் கண்டுபிடித்தாராம். அதன் பிறகு வங்கிக் கட்டணத்துக்கு என்று நோட்டில் தனிப் பத்தியே போட்டுவிட்டாராம்.

நாங்கள் தேடிக்கொண்டிருந்தது இதே ஆளைத்தான். வங்கிப் புத்தகத்தையும் நம் புத்தகத்தையும் ஒப்பிட்டு வித்தியாசத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பதற்குக் கணக்குத் துறையில் பேங்க் ரீகன்சிலியேஷன் என்று பெயர். அந்தப் பெயர் தெரியாமலே மூன்று வருடம் அதைச் செய்திருக்கிறார். நான் அம்மாவைப் பற்றிக் கேட்காமல் விட்டிருந்தால் அந்த வேலை வேறு யாருக்கோ போயிருக்கும். எல்லா இண்டர்வியூவிலும் யாரோ ஒருவர் சும்மா கேட்பார் என்று நம்பி இருக்க முடியாது. அதை ரெஸ்யூம்தான் சொல்ல வேண்டும்.

முதல் படி: கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள்

பிரௌசிங் சென்டருக்குப் போய் "ஒரு ரெஸ்யூம் அடிச்சுக் குடுங்க" என்றால், அங்கே ஏற்கெனவே இருக்கிற ஃபைலில் உங்கள் பெயரை மாற்றித் தருவார்கள். சீனியரிடம் வாங்கி மாற்றினாலும் இதே கதைதான். நானும் படித்து முடித்தபோது அப்படித்தான் செய்தேன். ஒரு சீனியருடைய ஃபைலில் என் விவரங்களைப் போட்டேன். முதல் இண்டர்வியூவில் எதிரே இருந்தவர், "பொழுதுபோக்கு செஸ் என்று போட்டிருக்கிறீர்களே, எந்த ஓப்பனிங் பிடிக்கும்?" என்று கேட்டார். எனக்கு காய் நகர்த்தவே தெரியாது. அதற்கு மேல் அங்கே நான் சொன்ன எந்தப் பதிலையும் அவர் நம்பவில்லை. நம்பியிருக்கவும் முடியாது.

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சாயங்காலம் ஒதுக்குங்கள். கடந்த ஐந்து வருடத்தில் செய்த எல்லாவற்றையும் எழுதுங்கள். எது பெரிது, எது சிறிது என்று இப்போதே பிரிக்க வேண்டாம். எழுத வரவில்லை என்றால் இந்தக் கேள்விகள் உதவும்.

வீட்டில் எந்த வேலை என்றால் உங்களைக் கூப்பிடுவார்கள்? ஈபி பில், ரேஷன் கார்டு திருத்தம், பாட்டியின் ஆஸ்பத்திரி ஃபைல், தம்பியின் கல்லூரி விண்ணப்பம்?

கூலிக்கு என்னென்ன வேலை செய்திருக்கிறீர்கள்? ஒரு நாள் போனதாக இருந்தாலும் எழுதுங்கள். கேட்டரிங், கடை, பெட்ரோல் பங்க், டெலிவரி, டியூஷன்.

வகுப்பில் நண்பர்கள் எதற்காக உங்களிடம் வருவார்கள்? சிலரிடம் பாடச் சந்தேகத்துக்கு வருவார்கள், சிலரிடம் புராஜெக்ட் ரிப்போர்ட் ஃபார்மேட் செய்ய, சிலரிடம் சாரிடம் போய்ப் பேசிக் கொடுக்க. மூன்றுமே வெவ்வேறு பலம்.

கெட்டுப்போன எதையாவது சரிசெய்திருக்கிறீர்களா? மிக்ஸி, பைக், பழைய லேப்டாப், இரண்டு பேருக்கு இடையிலான சண்டை?

என்னென்ன மொழி பேசுவீர்கள்? இதில் பலர் தமிழ், ஆங்கிலம் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். எங்களுக்குப் பாலக்காட்டில் டீலர்கள் இருக்கிறார்கள், மலையாளத்தில் போனில் பேசத் தெரிந்தவர் எங்களுக்குத் தேவை. திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வட மாநிலத் தொழிலாளர்கள் நிறைய. அங்கே சூப்பர்வைசர் வேலைக்கு இந்தி பேசத் தெரிவது பெரிய பலம். எழுதப் படிக்க வராது, பேச மட்டும் வரும் என்றால் அப்படியே எழுதுங்கள்.

மேசையில் மறந்துபோய்க் கிடக்கும் சான்றிதழ்களையும் பாருங்கள். அரசுத் தட்டச்சுத் தேர்வில் தமிழிலோ ஆங்கிலத்திலோ இளநிலை, முதுநிலை முடித்தவர்கள் அதைப் பள்ளிக்கால விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். என்சிசி, என்எஸ்எஸ் முகாம்கள், 2022இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் படித்த கோர்ஸ், ஐஐடிகள் இணையவழியில் நடத்தும் என்பிடெல் பாடங்களின் சான்றிதழ். என்பிடெல் பாடத்தை 12 வாரம் விடாமல் கேட்டு, வாராவாரம் அசைன்மென்ட் முடித்து, தேர்வு மையத்துக்கே போய் எழுதித் தேறியிருந்தால் அது ஒழுங்காக வேலை செய்பவர் என்பதற்கு நல்ல சாட்சி. 60க்கு மேல் எலைட், 75க்கு மேல் சில்வர், 90க்கு மேல் கோல்டு என்று சான்றிதழிலேயே இருக்கும், அதையும் குறிப்பிடுங்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அந்த நோட்டை உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள். ஒருவர் வயதில் பெரியவராக இருக்கட்டும், டியூஷன் அக்கா, வேலை செய்த கடையின் முதலாளி, கல்லூரி ஆசிரியர் யாராவது. "நான் இதில் எதை விட்டுட்டேன்?" என்று கேளுங்கள். நம் பலம் நமக்குப் பழகிப் போயிருக்கும். அடுத்தவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கூச்சத்தைப் பற்றிக் கொஞ்சம்

பட்டியல் போடும்போதே சிலவற்றை எழுதக் கை வராது. கேட்டரிங்குக்குப் போனது தெரிந்தால் குறைவாக நினைப்பார்களோ, அப்பாவின் டீக்கடையில் நின்றதை எழுதினால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். எனக்கு இது நன்றாகப் புரிகிறது. ஆனாலும் 12 வருட அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். படிக்கும் காலத்தில் உழைத்துச் சம்பாதித்தவரைப் பார்த்தால் என்னைப் போன்றவர்களுக்கு நம்பிக்கைதான் கூடும். நேரத்துக்கு வருவார், முதலாளி திட்டினால் மறுநாள் வராமல் நின்றுவிட மாட்டார், காசின் அருமை தெரியும்.

போன வருடம் ஒரு தம்பி, பிபிஏ, டிஸ்பாட்ச் பிரிவுக்கு வந்தார். மூன்று வருடமாக முகூர்த்த நாளெல்லாம் கேட்டரிங். கடைசி ஆறு மாதம் பரிமாறுகிற 15 பையன்களுக்கு அவர்தான் பொறுப்பு. 600 பேர் சாப்பிடும் கல்யாணத்தில் பந்திக்கு எத்தனை இலை, எந்த வரிசைக்கு யார் சாம்பார், ரசம் எந்த நேரத்தில் உள்ளே வர வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, எங்கள் டிஸ்பாட்ச் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். லாரி வரும் நேரத்துக்குள் சரக்கு பேக் ஆகி, பில் போட்டு, வரிசைப்படி ஏற வேண்டும். வேலை அதேதான். ஆனால் அந்தத் தம்பியின் ரெஸ்யூமில் இது இல்லை. 'லீடர்ஷிப் குவாலிட்டி' என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

அடுத்து: வேலை விளம்பரத்தைக் கணக்காகப் படியுங்கள்

நோட்டில் இப்போது 30, 40 விஷயம் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் போட முடியாது, போடவும் கூடாது. எதைப் போடுவது என்பதை விளம்பரம்தான் முடிவு செய்யும்.

கணக்கு உதவியாளர் விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். 'டேலி தெரிந்திருக்க வேண்டும், ஜிஎஸ்டி ரிட்டர்ன், பேங்க் ரீகன்சிலியேஷன்' என்று இருக்கும். இதற்குப் பின்னால் ஒரு கம்பெனியின் தினசரித் தலைவலி இருக்கிறது. மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர்கள் விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1ஐ அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள்ளும், வரிக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-3பியை 20ஆம் தேதிக்குள்ளும் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் அபராதம், வட்டி. ஆகவே அந்த மேனேஜருக்கு வேண்டியது மூன்று குணம்: தேதி தவறாத ஆள், எண் தவறாத ஆள், வித்தியாசம் வந்தால் மேலோட்டமாக விடாமல் தோண்டிப் பார்க்கிற ஆள். உங்கள் நோட்டில் இந்த மூன்றுக்கும் சாட்சி சொல்லும் வரிகள் எவை என்று பென்சிலால் சுழியுங்கள். மூன்று கிடைத்தால் போதும்.

விளம்பரத்தில் இருக்கும் அதே சொற்களை, அந்த வேலையை நீங்கள் உண்மையாகவே செய்திருந்தால், உங்கள் ரெஸ்யூமிலும் பயன்படுத்துங்கள். பெரிய கம்பெனிகளிலும் நௌக்ரி போன்ற வேலை தேடும் தளங்களிலும் முதலில் மென்பொருள்தான் சொல்லை வைத்துத் தேடுகிறது. 'பாஸ்புக் பார்த்தேன்' என்று எழுதினால் அதற்குப் பிடிபடாது. 'பேங்க் ரீகன்சிலியேஷன்' என்று எழுதி, சுய உதவிக் குழுவில் செய்தது என்று பக்கத்திலேயே சொன்னால் உண்மையும் கெடாது, தேடலிலும் வரும்.

வேலைக்கு வேலை இந்தத் தேர்வு மாறும். ஒரே ரெஸ்யூமை ஐம்பது இடத்துக்கு அனுப்புவதைவிட, மூன்று வகை வேலைக்கு மூன்று ரெஸ்யூம் வைத்துக்கொள்வது நல்லது.

வரி எழுதும் விதம்

இதில்தான் எல்லாரும் திணறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு நல்ல வரியில் நான்கு விஷயம் இருக்கும்: என்ன செய்தீர்கள், எவ்வளவு, எதைக் கொண்டு, அதனால் என்ன ஆனது. நான்கும் எப்போதும் கிடைக்காது. முதல் இரண்டு இருந்தாலே வரி வலுவாக நிற்கும்.

அந்த உடுமலைப்பேட்டைப் பெண்ணின் வரி 'நேர்மை, கடின உழைப்பு' என்று இருந்தது. அதன் இடத்தில் வந்திருக்க வேண்டியது இது: '14 உறுப்பினர்கள் உள்ள மகளிர் சுய உதவிக் குழுவின் சேமிப்பு, கடன் பதிவேடுகளை 3 வருடமாகப் பராமரித்தது. மாதந்தோறும் வங்கிக் கணக்குடன் ஒப்பிட்டு, வித்தியாசங்களுக்குக் காரணம் கண்டறிந்து சரிசெய்தது.' நேர்மை என்ற சொல் எங்கேயும் இல்லை. ஆனால் 14 குடும்பத்தின் பணத்துக்கு மூன்று வருடம் கணக்கு எழுதியவரைப் பற்றி அந்தச் சந்தேகம் யாருக்கும் வராது.

இன்னொன்று. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த ஒரு பையன், தரப் பரிசோதனைப் பிரிவில் டிரெய்னி வேலைக்கு வந்தார். லீவு நாளெல்லாம் கோவை கணபதி பகுதியில் மாமாவின் லேத் பட்டறையில் இருந்திருக்கிறார். ரெஸ்யூமில் 'மெஷின்களில் ஆர்வம்' என்று மட்டும் போட்டிருந்தார். "என்ன அளப்பீங்க?" என்று கேட்டதற்கு, "ஷாஃப்ட்டுங்க மேடம். வெர்னியர் 0.02 மில்லிமீட்டர் வரைக்கும்தான் காட்டும், அதனால பேரிங் உட்கார்ற இடத்தை மட்டும் மைக்ரோமீட்டர்ல பார்ப்போம், அது 0.01 காட்டும்" என்றார். எந்தக் கருவியை எதற்கு எடுக்க வேண்டும், ஏன் என்று தெரிந்தவர்! அவருடைய வரி இப்படி மாறியது: 'லேத் பட்டறையில் இரண்டு கோடை விடுமுறைகள் வேலை. பம்ப் ஷாஃப்ட்களை வெர்னியர், மைக்ரோமீட்டர் கொண்டு அளந்து, அளவு தவறியவற்றைப் பிரித்து வைத்தது.'

ரெஸ்யூம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். அதற்காக யோசிப்பதையும் ஆங்கிலத்தில் செய்ய வேண்டியதில்லை. முதலில் இப்படித் தமிழில் எழுதுங்கள். அப்புறம் சின்னச் சின்ன வாக்கியமாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். 'நான்' என்ற சொல் வேண்டாம், வினைச்சொல்லில் தொடங்கட்டும். மெயின்டெயின்டு (பராமரித்தது), மெஷர்டு (அளந்தது), டாட் (சொல்லிக்கொடுத்தது), ரிப்பேர்டு (சரிசெய்தது). இந்த மாதிரி எளிய சொற்கள் போதும்.

சாட்ஜிபிடியிடம் கொடுத்தால் பளபளவென்று எழுதித் தரும். எழுத்துப்பிழை திருத்த, இலக்கணம் பார்க்கத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அது நீங்கள் செய்யாத வேலையையும் சேர்த்துவிடும், உங்களுக்கே அர்த்தம் தெரியாத சொற்களைப் போடும். அந்தச் சொல்லைக் காட்டி இண்டர்வியூவில் கேட்டபோது விழித்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். திறமை இருந்தும், இரவல் வாங்கிய ஒரு சொல்லால் தடுமாறுவதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கும்.

எண்களை இஷ்டத்துக்குப் போடாதீர்கள். எத்தனை பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தீர்கள் என்று மறந்துபோனால் உட்கார்ந்து பெயர் சொல்லி எண்ணுங்கள். ஒன்பது என்றால் ஒன்பதுதான். 'பல' என்பதைவிட ஒன்பது வலுவானது. அதேபோல, பொய் அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் போகவே போகாதீர்கள். பல கம்பெனிகள் வேலைக்கு எடுத்த பிறகும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், அதாவது நீங்கள் சொன்னது உண்மையா என்ற விசாரணை, செய்கின்றன. அப்போது அகப்பட்டால் அந்த வேலையும் போய், பெயரும் கெட்டுவிடும்.

ஜாவா 80 சதவீதம், தமிழ் ஐந்து நட்சத்திரம் என்று பட்டை போட்டுக் காட்டுவதையும் விட்டுவிடலாம். எதில் 80 சதவீதம் என்று யாருக்கும் தெரியாது. 'ஜாவாவில் கல்லூரி நூலகத்துக்குப் புத்தகம் தேடும் செயலி ஒன்று எழுதியது' என்றால் எனக்குப் புரியும்.

தாளில் எது எங்கே

ஒரு பக்கம். புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

மேலே பெயர், போன் எண், மெயில், ஊர். அதன் கீழே அப்ஜெக்டிவ் என்பதை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று வரியில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள்: 'பி.காம். பட்டதாரி. சுய உதவிக் குழுவின் கணக்குகளை 3 வருடம் பராமரித்த அனுபவம். டேலி பயிற்சி பெற்றவர்.' என் அரை நிமிடத்தில் பாதி இங்கேதான் செலவாகிறது. நீங்கள் பென்சிலால் சுழித்த மூன்றில் மிக வலுவானது இங்கே இருக்கட்டும்.

அடுத்து அனுபவம். சம்பளம் வாங்காத வேலையும் அனுபவம்தான். அப்புறம் படிப்பு, புராஜெக்ட், சான்றிதழ், மொழிகள். புராஜெக்டை நான்கு பேர் சேர்ந்து செய்திருந்தால் அதில் உங்கள் பங்கு எது என்று மட்டும் எழுதுங்கள். நான் முதல்வன் கோர்ஸாக இருந்தால் பெயரோடு நிறுத்தாமல் அதில் என்ன செய்து பார்த்தீர்கள் என்று ஒரு வரி. பலம் என்று தனித் தலைப்பு வேண்டாம், எல்லாத் தலைப்பிலும் அதுதான் இருக்கிறது.

அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். 'ஒரு பாடம் நிலுவை, நவம்பரில் எழுதுகிறேன்' என்று படிப்புக்குப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். இடையில் ஒரு வருடம் விடுபட்டிருந்தாலும் அப்படித்தான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய்க் கடையை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த ஒரு வருடத்தை அனுபவத்தின் கீழேயே எழுதலாம்: கடையில் எத்தனை பொருள், கொள்முதல் யார், கடன் நோட்டு எப்படி.

ஆதார் எண், பான் எண், மதம், சாதி, திருமண விவரம், அப்பா பெயர் எதுவும் வேண்டாம். ரெஸ்யூம் யார் யார் கைக்கோ போகும், ஆதார் எண்ணை அதில் போடுவது ஆபத்து. முழு முகவரிக்குப் பதில் ஊரும் மாவட்டமும் போதும். போட்டோ கேட்டால் மட்டும் வையுங்கள். உறுதிமொழியும் கையெழுத்தும் தேவையில்லை. அரசு வேலைக்கு அவர்களுடைய விண்ணப்பப் படிவம் தனி, அதில் கேட்பதை அப்படியே நிரப்ப வேண்டும்.

வண்ணக் கட்டங்கள், பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரித்த வடிவங்கள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மென்பொருள் படிக்கும்போது வரிகள் குழம்பிப் போகலாம். ஒரு சின்ன சோதனை: பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறாமல் படிக்க வந்தால் சரி. உங்கள் போனிலும் ஒருமுறை திறந்து பாருங்கள், நான் பாதி ரெஸ்யூமைப் போனில்தான் பார்க்கிறேன்.

பிரௌசிங் சென்டரில் டைப் செய்தால், பிடிஎஃப்போடு திருத்தக்கூடிய ஃபைலையும் உங்கள் மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் அங்கிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து அதை அழித்துவிடச் சொல்லுங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு ராத்திரி

நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு ரெஸ்யூமை அவர் கையில் கொடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் அவர் ஒரே கேள்வி கேட்கட்டும்: "எப்படி?" 15 பேரை எப்படிச் சமாளித்தாய்? வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடித்தாய்? இரண்டு நிமிடம் தடங்கல் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்த வரி இருக்கட்டும். தடுமாறினால் ஒன்று வரியைத் திருத்துங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். இண்டர்வியூவுக்கான தயாரிப்பிலும் பெரும்பகுதி இதிலேயே முடிந்துவிடும்.

ஃபைலுக்கு உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் வையுங்கள். 'ரெஸ்யூம் நியூ ஃபைனல்' என்ற பெயரில் என் கம்ப்யூட்டரில் ஏகப்பட்டது இருக்கிறது, தேடினால் யாருடையது என்று தெரியாது. பத்தாவது படிக்கும்போது விளையாட்டாகத் தொடங்கிய மெயில் ஐடி என்றால், பெயரை வைத்துப் புதிதாக ஒன்று தொடங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பாமல் பிடிஎஃப்பாக அனுப்புங்கள். கூடவே நான்கு வரி: எந்த வேலைக்கு, எங்கே விளம்பரம் பார்த்தீர்கள், உங்கள் வலுவான ஒரு விஷயம், எப்போது வர முடியும். வெறும் ஃபைலை மட்டும் அனுப்பினால் எந்த வேலைக்கு என்று எனக்குத் தெரியாது.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களையும் விடாதீர்கள். அனுமதி இலவசம். பத்துப் பிரதி எடுத்துப் போங்கள். வரிசையில் நிற்கும்போதே அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று போனில் பார்த்துவிடுங்கள், உங்கள் மூன்று வரியில் எதை முதலில் சொல்வது என்று தெளிவாகும். தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் இலவசமாகப் பதியலாம். எந்த இடத்திலாவது வேலைக்கு முன்பணம், பதிவுக் கட்டணம் என்று கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அனுப்பிப் பத்து நாள் ஆகியும் பதில் வரவில்லை என்றால் ஒருமுறை போன் செய்து கேட்பதில் தவறில்லை. திங்கட்கிழமை காலை வேண்டாம், ஆள் எடுப்பவர்களுக்கு அன்று மூச்சுவிட நேரமிருக்காது. செவ்வாய், புதன் 11 மணிக்கு மேல் கூப்பிடுங்கள். பெயர், எந்த வேலை, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்ற மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் ஃபைலைத் தேடி எடுக்க அதுவே போதும்.